படம் நன்றாக இல்லை என்று சொன்ன பெண்

ஒரு மொழியில் வெற்றி பெற்ற திரைப்படத்தை வேறொரு மொழியில் மீண்டும் எடுக்கும்போது, அதாவது திரையுலகினர் ‘ரீமேக்’ என்று வழங்கும் மறுஆக்கத்தின்போது, பெரும்பாலும் முதலில் சேதமடைவது நாயகியின் பாத்திரம்தான். கதையின் உரிமையை விலை கொடுத்து வாங்கும் தயாரிப்பாளர் அந்தக் கதையின் எலும்புக்கூட்டை மட்டுமே வாங்குகிறார். அதன்மேல் சதை வைக்கும் வேலை உள்ளூர் நட்சத்திரத்தின் அளவுக்கும், உள்ளூர் ரசிகர் எதிர்பார்ப்பார் என்று நம்பப்படும் சண்டை, பாட்டு, வசனங்களின் அளவுக்கும் ஏற்ப நடக்கிறது. அப்படி நாயகனின் உருவம் பெரிதாக்கப்படும்போது திரையில் இடம் போதாமல் போகிறது. அந்த இடம் பெரும்பாலும் நாயகியிடமிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்தியில் மூன்று பெண்களின் வழக்காக 2016-இல் வெளிவந்த ‘பிங்க்’, தமிழில் ‘நேர்கொண்ட பார்வை’யாகவும் (2019) தெலுங்கில் ‘வக்கீல் சாப்’ ஆகவும் (2021) மாறியபோது, வழக்கறிஞருக்கு ஒரு கடந்தகாலக் காதல் கதை புதிதாகத் தேவைப்பட்டதையும், வித்யா பாலன், சுருதி ஹாசன் போன்ற தேர்ந்த நடிகைகள் அந்த நினைவுக் காட்சிகளுக்குள் மட்டும் வந்து போனதையும் பார்த்தவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். அங்கே நாயகியின் வேலை நாயகனுக்கு ஒரு துயரத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது.

இந்தப் பழக்கத்துக்கு மாறாக, ஒரு காதலியின் பாத்திரத்தை மூலத்தில் இருந்த கூர்மை மழுங்காமல், அதே சமயம் வேறொரு மண்ணில் வேர் பிடிக்கும்படி நட்டுக் காட்டிய தெலுங்கு மறுஆக்கம் ஒன்று உண்டு. வெங்கடேஷ் மகா இயக்கத்தில், சத்யதேவ் நாயகனாக நடித்து, திரையரங்குகள் பெருந்தொற்றால் மூடிக் கிடந்த 2020-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் நேரடியாக வெளியான ‘உமா மகேஸ்வர உக்ர ரூபஸ்ய’ என்ற அந்தப் படம், திலீஷ் போத்தன் இயக்கி 2016 பிப்ரவரியில் வெளிவந்த ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ என்ற மலையாளப் படத்தின் மறுஆக்கமாகும். ‘பாகுபலி’யைத் தயாரித்த ஆர்கா மீடியா நிறுவனம், அவ்வளவு பிரம்மாண்டத்துக்குப் பிறகு, செருப்பில்லாமல் நடக்கும் ஒரு புகைப்படக்காரரின் கதையில் பங்கேற்றது என்பதே கவனிக்கத்தக்க செய்தி. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அந்தப் படத்தில் ரூபா கொடுவாயூர் ஏற்ற ஜோதி என்ற பாத்திரம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வதானால், சிற்றூர் ஒன்றில் தந்தையின் ஸ்டுடியோவை நடத்திவரும் மகேஷ் சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். யாரோ இருவருக்கிடையே மூண்ட அற்பத் தகராறு ஒன்றை விலக்கப்போய், கடைத்தெருவில் ஊரார் கண்முன்னே அடிவாங்கி அவமானப்படுகிறார். அடித்தவரைத் திருப்பி அடிக்கும்வரை காலில் செருப்பு அணிவதில்லை என்று சபதம் செய்கிறார். அடித்தவரோ வேலைக்காக வெளிநாடு போய்விடுகிறார். இதற்கிடையே, பள்ளிக்காலம் முதல் நேசித்த பெண்ணுக்கு வேறொருவருடன் திருமணம் ஆகிவிடுகிறது. காத்திருக்கும் அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வரும் கல்லூரி மாணவி ஒருத்தியுடன் மகேஷுக்குக் காதல் அரும்புகிறது; அவள் தன்னை அடித்தவரின் தங்கை என்பது பிறகு தெரியவருகிறது. திரைக்கதையாசிரியர் சியாம் புஷ்கரன் தம் சொந்த ஊரான ஆலப்புழை மாவட்டத்துத் துறவூரில் ஒருவர் செய்த சபதத்தை வித்தாகக் கொண்டு எழுதிய இந்தக் கதைக்கு, சிறந்த மூலத் திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தது. மலையாளத்தில் அந்தப் பெண்ணின் பெயர் ஜிம்ஸி, தெலுங்கில் ஜோதி, இடையில் 2018 ஜனவரியில் பிரியதர்ஷன் இயக்கத்தில் தமிழில் வந்த ‘நிமிர்’ படத்தில் மலர்விழி. ஒரே பெண் மூன்று மொழிகளில் மூன்று விதமாக வாழ்ந்திருக்கிறாள் என்பதால், ஒரு காதலிப் பாத்திரம் எதனால் உயிர்பெறுகிறது, எதனால் வெளிறிப் போகிறது என்று ஒப்பிட்டு அறிய இதைவிடச் சிறந்த வாய்ப்பு அமைவது அரிது.

அந்தப் பெண்ணின் பாத்திரம் முழுவதும் ஒரே ஒரு காட்சியின்மேல் நிற்கிறது. பெண்கள் இதழ் ஒன்றுக்கு அனுப்புவதற்காக நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அவள் ஸ்டுடியோவுக்கு வருகிறாள். மகேஷ் தமக்குத் தெரிந்த ஒரே முறையில் படம் எடுக்கிறார்: பின்னால் திரை, பக்கவாட்டில் விளக்கு, முகவாயைத் தூக்கு, கொஞ்சம் இறக்கு, கண்ணைத் திற என்ற வழக்கமான கட்டளைகள். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிப்பவர்களின் முகங்களை ஆண்டாண்டுக் காலமாக ஒரே அச்சில் வார்த்தெடுத்த அந்தக் கை, இவள் முகத்தையும் அதே அச்சில் வார்த்துத் தருகிறது. படத்தைப் பார்த்த பெண் அது நன்றாக இல்லை என்கிறாள். அதோடு நில்லாமல், உங்களுக்கு இந்த வேலை தெரியவில்லை என்ற பொருள்படப் பேசிவிட்டுப் போகிறாள்.

தென்னிந்தியத் திரைப்படங்களில் நாயகியும் நாயகனும் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சிகள் எப்படி அமையும் என்பதற்கு எழுதப்படாத சட்டங்கள் உண்டு. அவள் அவனைத் தவறாகப் புரிந்துகொண்டு திட்டுவாள், பிறகு அவனது நற்குணத்தை அறிந்து வெட்கப்படுவாள். அல்லது அவள் செல்வச் செருக்கில் பேசுவாள், அவன் அவளுக்குப் பாடம் புகட்டுவான். அல்லது, தமிழில் ‘லூசுப் பெண்’ என்று விமர்சகர்கள் பெயரிட்டுவிட்ட வகைப்படி, உலகறியாத குழந்தைத்தனத்தோடு குதித்தாடி அவன் மனத்தைக் கவர்வாள். இந்த மூன்றிலும் அவளது சொல் பிழையானதாக, அல்லது பொருட்படுத்தத் தேவையற்றதாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. ஜோதி சொன்னதோ முற்றிலும் சரி. படம் உண்மையிலேயே நன்றாக இல்லை. பார்வையாளருக்கு அது தெரியும், மகேஷுக்கும் உள்ளூரத் தெரியும், கதையும் பிற்பாடு எந்த இடத்திலும் அவளைத் தன் சொல்லைத் திரும்பப் பெறச் செய்வதில்லை. அவள் நாயகனின் தொழிலைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொன்னாள், அந்தத் தீர்ப்பு செல்லுபடியாயிற்று என்ற இந்தச் சிறிய ஏற்பாட்டில்தான் அவளது பாத்திரத்தின் ஆழம் முழுவதும் இருக்கிறது.

திரையில் ஒரு பெண்ணுக்கு அழுத்தம் கொடுக்க விரும்புகிறவர்கள் பொதுவாக அவளுக்கு நீண்ட வசனம் தருகிறார்கள், ஆண்களைச் சாடும் உரை ஒன்றை எழுதுகிறார்கள், அல்லது கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுக்கிறார்கள். ஜோதிக்கு இவை எதுவும் தரப்படவில்லை. அவளுக்குத் தரப்பட்டிருப்பது ரசனை. தன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த முகம் இந்தப் படத்தில் இல்லை என்பதும் தெரியும். அதைச் சொல்வதற்குக் கோபமோ ஆணவமோ தேவையில்லை, வெறும் நேர்மை போதும் என்பதும் தெரியும். ரூபா கொடுவாயூர் இந்த இடத்தில் செய்வது மிகக் குறைவு. புருவத்தை உயர்த்துவதோ உதட்டைச் சுழிப்பதோ இல்லை. கடையில் வாங்கிய துணியில் சாயம் போய்விட்டதைச் சொல்லும் வாடிக்கையாளரின் இயல்போடு சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இயல்பே மகேஷைக் காயப்படுத்துகிறது. கடைத்தெருவில் வாங்கிய அடி உடம்பிலும் மானத்திலும் பட்டது. இந்தச் சொல் பட்ட இடம் அதைவிட ஆழமானது, ஏனெனில் தொழில் என்பது தந்தையிடமிருந்து வந்த சொத்து.

மலையாளத்தில் கே. எல். ஆன்டணியும் தெலுங்கில் ராகவனும் ஏற்ற அந்தத் தந்தையின் பாத்திரம் இங்கே முக்கியமாகிறது. அவர் பழைய காலத்துப் புகைப்படக்காரர், பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்ட மனிதர். மகன் அவரிடம் போய் நிற்கும்போது, புகைப்படக்கலை என்பது கற்றுக்கொடுக்கக்கூடிய பொருளன்று, கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டியது என்பதை அவர் உணர்த்துகிறார். அதன்பின் மகேஷ் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து, ஒளியையும் ஊரையும் மனிதர்களையும் பார்க்கத் தொடங்குகிறார். வன்மத்தைச் சுமந்துகொண்டு காத்திருக்கும் ஒரு மனிதன், அந்தக் காத்திருப்பின் நடுவே பார்க்கக் கற்றுக்கொள்கிறான் என்பதுதான் இந்தப் படத்தின் மெய்யான கதை. பழிவாங்கல் அதன் வெளிச்சுவர் மட்டுமே. அந்தக் கல்வியைத் தொடங்கிவைத்தவள் ஜோதி. பழிவாங்கும் கதைகளில் பெண் பெரும்பாலும் பழிக்குக் காரணமாக இருப்பாள், அல்லது வெற்றிக்குப் பரிசாக இருப்பாள். இங்கே பழிக்குத் தொடர்பில்லாத ஒரு வளர்ச்சிக்கு அவள் காரணமாகிறாள்.

ஆனால் அடுத்து நடப்பது இந்தப் பாத்திரத்தின் மிகச் சிக்கலான பகுதி, அதைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிட்டன. மகேஷ் அவளுக்குத் தெரியாமல், அவள் தன்னை மறந்திருக்கும் ஒரு கணத்தில் அவளைப் படமெடுக்கிறார். எடுக்கப்படுபவர் அறியாதபடி இயல்பான நிலையில் எடுக்கும் இவ்வகைப் படத்தைப் புகைப்படக்காரர்கள் ‘கேண்டிட்’ என்கிறார்கள். அந்தப் படத்தை மகேஷே இதழுக்கு அனுப்புகிறார்; அது அச்சாகிறது; அவள் மகிழ்கிறாள்; காதல் தொடங்குகிறது. கதையின் தர்க்கப்படி இது அழகான பதில்: நீ கேட்ட படத்தை என்னால் எடுக்க முடியும் என்பதை ஒரு தொழிலாளி தன் வேலையாலேயே நிரூபிக்கிறான். ஆயினும் ஒரு பெண்ணை அவள் அறியாமல் படமெடுப்பதும், அதை அவளைக் கேளாமல் வெளியிடுவதும் நடைமுறை வாழ்வில் என்ன பொருள் தரும் என்பதை, சிற்றூர்களில் வளரும் எந்தப் பெண்ணும் அறிவாள். அலைபேசியில் ஒளிந்து எடுக்கப்பட்ட படங்கள் எத்தனை வீடுகளில் படிப்பை நிறுத்தியிருக்கின்றன என்பது தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான துயரம்.

இந்தக் காட்சியைக் குற்றத்திலிருந்து காப்பது, முன்னால் அமைந்த ஸ்டுடியோக் காட்சிதான். அவளே படம் எடுக்கும்படி கேட்டு வந்தாள், அவளே இதழுக்கு அனுப்ப விரும்பினாள், அவளே முதல் படத்தை மறுத்தாள். எனவே இரண்டாவது படம் அவள் தொடங்கிவைத்த உரையாடலின் தொடர்ச்சியாகிறது. ஒரு சில நிமிடங்கள் முன்னால் அவளுடைய விருப்பம் தெளிவாகப் பதிவாகியிராவிட்டால், இதே காட்சி பின்தொடர்தலைக் காதல் என்று காட்டும் எண்ணற்ற காட்சிகளில் ஒன்றாகத் தாழ்ந்திருக்கும். அப்படியும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இரண்டாவது படத்தையும் அவளிடம் முதலில் காட்டி, இது எப்படி என்று கேட்கும் ஒரு காட்சியை எழுதியிருந்தால் கதைக்கு என்ன நட்டம் வந்திருக்கும்? அவளது தீர்ப்பால் தொடங்கிய கல்வி அவளது தீர்ப்போடு முடிந்திருக்கும். மூலத்தில் இருந்த இந்தக் குறையை மறுஆக்கத்தில் திருத்தியிருக்க முடியும். வெங்கடேஷ் மகா அதைச் செய்யவில்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது மறுஆக்கத்தின் பெருமை என்றால், அதன் எல்லையும் அதுவே.

முந்தைய காதலியாகிய சுவாதியைப் பற்றியும் ஒரு சொல். ஹரி சந்தனா ஏற்ற இந்தப் பாத்திரம் வேறொரு வாழ்க்கையைத் தேர்ந்துகொள்ளும்போது படம் அவளைத் துரோகி ஆக்குவதில்லை. காதலித்தவனைக் கைவிட்ட பெண்ணைச் சபிக்கும் பாடல்களைத் தமிழும் தெலுங்கும் போட்டியிட்டு உற்பத்தி செய்திருக்கும் சூழலில், அவள் தயங்கினாள், யோசித்தாள், தனக்கு எது நல்லது என்று பட்டதோ அதைச் செய்தாள் என்பதோடு விட்டுவிடும் பண்பு அரியது. ஜோதியின் மீது வைக்கப்பட்ட மரியாதை அவளுக்கு மட்டும் தரப்பட்ட சலுகையாக இல்லாமல், படத்தின் பொதுக் குணமாகவே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அரக்கு, இடுக்கி, தென்காசி

மலையாளப் படம் இடுக்கி மாவட்டத்தின் பிரகாஷ் என்ற சிற்றூரில் நடந்தது; தமிழ்ப் படம் தென்காசிப் பகுதிக்குப் போனது; தெலுங்குப் படம் அரக்குப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தது. ஒரு கதை தான் நடக்கும் ஊரின் மண்ணோடும் பேச்சோடும் ஒட்டியிருக்கும் தன்மையைத் திரையுலகில் ‘நேட்டிவிட்டி’ என்பார்கள். மறுஆக்கம் பற்றிய எந்தப் பேச்சும் இந்தச் சொல் இல்லாமல் முடிவதில்லை. விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் அரக்கு, காப்பித் தோட்டங்களுக்கும் போரா குகைகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பெயர் பெற்றது. இடுக்கியின் மலைச்சரிவுக்கு இணையான ஒரு மலைச்சரிவைத் தேடியதில் இயக்குநர் பிழை செய்யவில்லை. ஹைதராபாத் மாளிகைகளும் கோதாவரிக் கரைத் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வரும் தெலுங்குத் திரையில், வடஆந்திரத்தின் ஒரு மலையூர்க் கடைத்தெரு தன் பேச்சுவழக்கோடு வந்தது புதுமை.

ஆனால் அரக்கு இடுக்கி அன்று. அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதி. அதாவது பழங்குடியினரின் நிலத்துக்கும் வாழ்வுக்கும் தனிப் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருக்கும் நிலப்பரப்பு. பழங்குடியினரின் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய அல்லூரி சீதாராம ராஜுவின் பெயரில் 2022-இல் தனி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அரக்கு அதில் சேர்ந்ததும் இந்தப் பின்னணியால்தான். படத்தின் அரக்கோ கடைக்காரர்களின், ஸ்டுடியோக்காரர்களின் அரக்கு. அந்த மலையின் மூத்த குடிமக்கள் கதையின் நடுவில் இல்லை. ஜோதியின் பாத்திரத்துக்கு இது நேரடியாகத் தொடர்புடைய குறை, ஏனெனில் மலையூரில் வளர்ந்து பொது இடத்தில் அச்சமின்றி ஆடிப்பாடும் ஒரு பெண்ணின் துணிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த ஊரே விடையாக இருந்திருக்கலாம். படம் அந்த விடையைத் தேடாமல், துணிவை அவளது பிறவிக் குணமாக விட்டுவிடுகிறது.

அந்தத் துணிவு தெரியும் இடம் அவளது தெரு நடனம். தோழிகளோடு பொதுவெளியில் திடீரென்று கூடி ஆடும் அந்த ஆட்டம், தெலுங்குத் திரை நாயகிகளின் ஆட்டத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. பாடல் காட்சியில் நாயகி ஆடுவது நாயகனின் கண்ணுக்காகவும் அவன் வழியாகப் பார்வையாளரின் கண்ணுக்காகவும். கேமராவும் அதற்கேற்ப உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். இங்கே அவள் தன் தோழிகளுக்காகவும் தன் மகிழ்ச்சிக்காகவும் ஆடுகிறாள், அவள் உடல் முழுமையாக, தெருவின் நடுவே, அன்றாட உடையில் தெரிகிறது. மகேஷ் அங்கே ஒரு பார்வையாளர், அவ்வளவே.

இதற்கெல்லாம் துணைநிற்பது பாத்திரத் தேர்வு. தெலுங்குப் பெண்களுக்குத் தெலுங்குப் படங்களில் நாயகி வாய்ப்புக் கிடைப்பதில்லை என்ற குறை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. மும்பையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் நடிகைகள் வாயசைக்க, சுனிதா, சின்மயி போன்ற தேர்ந்த பின்னணிக் குரல் கலைஞர்கள் அவர்களுக்குத் தெலுங்கில் குரல் கொடுத்து உயிரூட்டுவதே வழக்கம். குரல் கொடுப்பவரின் திறமை குறைவுபட்டதன்று. ஆயினும் ஒரு முகத்துக்கும் அதன் பேச்சுக்கும் இடையே தையல் தெரியும்போது, அந்தப் பெண் எந்த ஊரிலும் பிறக்காதவளாகிவிடுகிறாள். நாயகன் ராயலசீமையின் மொழியிலோ தெலங்காணத்தின் மொழியிலோ பேச, அவன் காதலிப்பவள் மட்டும் நாளிதழின் தெலுங்கைப் பேசுவாள். ரூபா கொடுவாயூர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, இதற்குமுன் திரையில் அறியப்படாத புதுமுகம். நட்சத்திர நாயகியின் முகத்தை வைத்துக் கதை சொல்லும் வசதியை விட்டுக்கொடுத்து அவரைத் தேர்ந்தது, படம் எடுத்த முடிவுகளிலேயே மிகத் துணிச்சலானது. ‘பிரேமம்’ தெலுங்குக்கு வந்தபோது (2016) நேர்ந்ததை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்: மூலத்தில் சாய் பல்லவியின் மலர், கேரளக் கல்லூரிக்கு வந்த தமிழ்ப் பெண் என்ற அந்நியத்தாலும், அறியாத முகம் என்ற புதுமையாலும் மனத்தில் நின்றவர்; தெலுங்கில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே நன்கு அறிமுகமான சுருதி ஹாசன் வந்தபோது, அவரது உழைப்பையும் மீறி, பாத்திரத்துக்கு முன்னால் நட்சத்திரம் வந்து நின்றது.

வெங்கடேஷ் மகாவின் முதல் படமான ‘கேராஃப் காஞ்சரபாலெம்’ (2018) பார்த்தவர்களுக்கு இந்தத் தேர்வு வியப்பளிக்காது. விசாகப்பட்டினத்தின் ஒரு பழைய குடியிருப்பில், பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களையே நடிக்கவைத்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், நடுவயதைத் தொட்ட கைம்பெண் ஒருத்தி தனக்குக் கீழே வேலைபார்க்கும் மணமாகாத மனிதரிடம் தன் விருப்பத்தைத் தானே சொல்கிறாள். முகத்திரைக்குள் கண்கள் மட்டும் தெரியும் பாலியல் தொழிலாளியான சலீமா, தன்னை விரும்புபவனிடம் தான் யார் என்பதை மறைப்பதில்லை. காதலிக்கப்படும் பெண்ணுக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்ல வாயும் உண்டு என்பது இவரது திரைமொழியின் அடிப்படை இலக்கணம். அந்தப் படமே பிறகு ‘கேராஃப் காதல்’ (2021) என்று தமிழுக்கு வந்தது. ஆகவே ஜோதியை அவர் மலையாளத்திலிருந்து அப்படியே இறக்குமதி செய்தார் என்று சொல்வதைவிட, தம் வீட்டுப் பெண்களின் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் இருந்ததைக் கண்டுகொண்டார் என்பதே பொருத்தம்.

தங்கை என்னும் இடம்

கதையின் பிற்பகுதியில் ஜோதியின் இடம் மாறுகிறது. அவள் மகேஷை அடித்த ஜோக்நாத்தின் தங்கை என்பது தெரிந்த பிறகு, இதுவரை ரசனையுள்ள ஒரு தனிமனிதராக இருந்தவள் ஒரு குடும்பத்தின் உறுப்பினராகிறாள். ஒருபுறம் தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணன், மறுபுறம் அந்த அண்ணனை அடிக்காமல் செருப்பணியமாட்டேன் என்று நிற்கும் காதலன். தமிழ் வாசகர்களுக்கு இந்த முக்கோணம் பழக்கமானது. மகேந்திரன் 1978-இல் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்தில் அண்ணன் காளிக்கும், அவன் வெறுக்கும் பொறியாளருக்கும் நடுவே நின்ற வள்ளியை யாரும் மறந்திருக்க முடியாது. சோபா நடித்த வள்ளி இறுதியில் தன் காதலை விட்டு அண்ணனிடம் திரும்புகிறாள்; அந்தத் தியாகத்தைக் கண்ட பிறகே அண்ணன் தன் சம்மதத்தைத் தருகிறான். அந்த முடிவின் உணர்ச்சி வலிமையில் இன்றைக்கும் குறைவில்லை, ஆனால் அங்கே பெண்ணின் விருப்பம் நிறைவேற, அவள் முதலில் அதைத் துறந்து காட்ட வேண்டியிருந்தது. அதே மகேந்திரன் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ‘நிமிர்’ படத்தில் நாயகனின் தந்தையாக, மௌனமான பழைய புகைப்படக்காரராக நடித்தார் என்பது தமிழ்த் திரையின் அரிய பொருத்தங்களில் ஒன்று.

ஜோதி எதையும் துறந்து காட்டுவதில்லை. அண்ணனுக்காகக் காதலையோ காதலனுக்காக அண்ணனையோ விட்டுவிடும்படி கதை அவளை நிர்ப்பந்திக்கவில்லை; இரு ஆண்களுக்கு இடையிலான கணக்கு அவர்களுக்குள்ளேயே தீர்க்கப்படுகிறது. வள்ளியிலிருந்து ஜோதிவரை வந்த தூரம் இது. ஆனாலும் சண்டை முடிந்து, வென்ற மகேஷ் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரிடமே அவருடைய தங்கையைப் பற்றிப் பேசும்போது, கதை ஆணும் ஆணும் பேசித் தீர்க்கும் பழைய முற்றத்துக்கே திரும்பிவிடுகிறது. அண்ணன் கன்னத்தில் காதலன் கைவைத்ததைப் பற்றி அவள் என்ன நினைத்தாள், அன்றிரவு வீட்டில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், தாயின் முகத்தை எப்படிப் பார்த்தாள் என்பவையெல்லாம் சொல்லப்படாமலே போகின்றன. படம் எடுக்கும் கலையைப் பற்றி அவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொன்ன ஒரு பெண்ணுக்கு, வன்முறையைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருந்திருக்கும். அதைக் கேட்கும் ஆவலை எழுப்பிவிட்டு, கேட்காமலே படம் முடிகிறது. மூலமும் இதே குறையை உடையதுதான். ஆனால் பெண்களின் குரலுக்கு அவ்வளவு செவிகொடுத்த இயக்குநரிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமே.

மூன்று நடிகைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அபர்ணா பாலமுரளியின் ஜிம்ஸியிடம் இருந்தது குறும்பு. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் நடித்த அவர், சொல்வதைச் சொல்லிவிட்டு அது எதிராளியின் முகத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்த்து மகிழும் ஒரு பெண்ணைக் காட்டினார். ரூபாவின் ஜோதியிடம் குறும்பு குறைவு, நிதானம் அதிகம். தான் சொன்னது எப்படி இறங்கியது என்று அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே வசனப் பொருளை ஏந்திய இரு பெண்களும் இதனால் இருவேறு மனிதர்களாகிறார்கள், மறுஆக்கத்தில் நகலெடுத்தல் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுமொழி தேவையில்லை. தமிழில் நமிதா பிரமோத் ஏற்ற மலர்விழிக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் திறமை குறைந்தவர் என்பதால் அன்று. ‘நிமிர்’ படத்தின் காட்சியமைப்பு அவரைத் தொடக்கம் முதலே அழகிய நாயகியாக ஒளியூட்டிக் காட்டியதால், தன் முகம் படத்தில் சரியாக வரவில்லை என்று அவர் குறைசொல்லும்போது அந்தக் குறைக்கு வலு இல்லாமல் போயிற்று. எந்த நேரமும் நன்றாகவே படம்பிடிக்கப்படும் ஒருவர், மோசமாகப் படம்பிடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுவதை எப்படி நம்புவது? அரக்கின் ஜோதியை ஒளிப்பதிவு முதலில் ஊரில் ஒருத்தியாகவே விட்டுவைக்கிறது. மகேஷ் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வேகத்திலேயே பார்வையாளரும் அவளைப் பார்க்கத் தொடங்குகிறார். பாத்திர வார்ப்பு என்பது எழுத்தில் மட்டும் நடப்பதன்று, விளக்கு எங்கே வைக்கப்படுகிறது என்பதிலும் நடக்கிறது.

ஜிம்ஸியாக வந்தவரைத் தமிழ்நாடு பிறகு நன்றாக அறிந்துகொண்டது. ‘சூரரைப் போற்று’ (2020) படத்தில் மணம்பேசும் இடத்தில் தன் நிபந்தனைகளைத் தானே பேசி, சொந்தமாக அடுமனை நடத்தி, கணவனின் கனவுக்குக் கடன் கொடுக்கும் பொம்மியாக நடித்து அபர்ணா தேசிய விருது பெற்றார். புகைப்படக்காரரிடம் உண்மையைச் சொன்ன அந்தக் கல்லூரி மாணவியின் நிமிர்வு பொம்மியிடமும் தொடர்வதை எளிதில் இனங்காணலாம். ஜோதியாக வந்தவரின் பாதை அவ்வளவு விரைவாக விரியவில்லை. தெலுங்கில் பெரிய நாயகர்களின் படங்கள் அவரைத் தேடி வரிசையில் நிற்கவில்லை. சொந்த மொழியில் பேசத் தெரிந்த, ஒரு பாத்திரத்தைக் கண்ணின் நிதானத்தாலேயே தாங்கத் தெரிந்த நடிகைக்கு அங்கே என்ன இடம் என்பது இன்னும் தீராத வழக்காகவே இருக்கிறது. தமிழில் அவர் 2025-இல் ‘எமகாதகி’யின் நாயகியாக வந்தார். தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில், இறந்த பிறகும் வீட்டை விட்டு நகர மறுக்கும் ஒரு பெண்ணின் உடலாக, படத்தின் பெரும்பகுதியில் வசனமின்றி அமர்ந்திருந்து, சுற்றி நிற்கும் ஆண்கள் அனைவரையும் பதில் சொல்ல வைத்தார்.